பேரரசுகளின் இருமொழியாளர்



வரலாற்றுப் பாடத்திலே அரசர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கின்றோம். அவர்கள் நடத்திய போர்களையும் செய்துகொண்ட உடன்படிக்கைகளையும் ஆண்டு வரிசைப்படி எழுதுகின்றோம். ஆனால், ஓர் உடன்படிக்கை உருவாக வேண்டுமாயின் இரு தரப்பாரும் பேச வேண்டும். இரு தரப்பாரும் ஒரு மொழியினர் அல்லராயின் நடுவே ஒருவர் நிற்க வேண்டும். அரசன் கேட்டது எதிரியின் சொல்லை அன்று. நடுவே நின்றவர் எடுத்துரைத்த சொல்லையே கேட்டான். எதிரி கேட்டதும் அவ்வாறே. பாடநூலில் அரை வரி இடமும் பெறாத அந்த நடுநின்றவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இவர்களைக் குறிக்கும் சொற்கள் நமக்குப் புதியன அல்ல. இரு மொழி அறிந்தவன் என்னும் பொருளுடைய ‘துவிபாஷி’ என்ற வடசொல்லே சிதைந்து ‘துபாஷி’ என வழங்கலாயிற்று. பழைய நீதிமன்றப் பத்திரங்களைப் புரட்டுவோர் மொழிபெயர்ப்புக்குத் ‘தர்ஜுமா’ என்ற சொல் ஆளப்பட்டிருப்பதையும் காண்பர். அது அரபு மொழியிலிருந்து வந்த சொல். அதே அரபு வேர் மேற்கே சென்று, இத்தாலிய வணிகரின் நாவில் உருமாறித் ‘திராகொமான்’ ஆயிற்று. துருக்கியப் பேரரசில் மொழிபெயர்ப்பாளனுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் அது. துபாஷியையும் திராகொமானையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் நமக்கு ஓர் உண்மை விளங்கும்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்திலும், அதற்கும் முன் பழைய தென்னார்க்காட்டிலும் அடங்கியிருந்தது. மேற்கே கல்வராயன் மலை மதில்போல் நிற்கின்றது. அம்மலைக்குத் தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு ஒரு வாயில்போல் திறந்திருக்கின்றது. மைசூர்ச் சீமையிலிருந்து சேலம் வழியாகக் கீழைக் கடற்கரைக்கு வருவோர் அவ்வாயிலைக் கடந்துதான் வரவேண்டும். அவ்வழியைக் காவல் செய்வதுபோல், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே சில கல் தொலைவில் தியாகதுர்க்கக் கோட்டை பாறைமேல் அமைந்துள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வட்டாரத்தைச் சுற்றிலும் எத்தனை மொழிகள் ஒலித்தன என்று எண்ணிப் பாருங்கள். குடிமக்கள் பேசியது தமிழ். பாளையக்காரர் பலர் வீட்டிலே தெலுங்கு. ஆற்காட்டு நவாபின் கச்சேரியில் பாரசீகம். மைசூர்ப் படையிலே கன்னடமும் உருதும். மராட்டியர் வந்தபோது மராத்தி. புதுச்சேரியில் பிரெஞ்சு, கூடலூரில் ஆங்கிலம், துறைமுகங்கள் எங்கும் வணிகத்திற்குப் போர்த்துகீசியம். இத்தகைய நாட்டிலே வாளுக்கு இருந்த மதிப்பு நாவுக்கும் இருந்தது என்றால் அது மிகையாகாது.

இதே காலத்தில் நம்மைப் போலவே பல மொழிகள் நெருங்கிக் கிடந்த மற்றொரு நாடு துருக்கியப் பேரரசு. அங்கே ஓர் அடிமைப்பட்ட இனத்தார் மொழியறிவு ஒன்றையே கருவியாகக் கொண்டு அரண்மனைக்குள் புகுந்தனர். நம் துபாஷிகளை அளந்தறிய அவர்கள் வரலாறு நல்ல அளவுகோல் ஆகும். ஆதலின் சற்றே கடல் கடந்து செல்வோம்.

துருக்கியர் 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றினர். அந்நகரத்துக் கிரேக்கர் தம் அரசை இழந்தனர்; ஆயினும் தம் சமயத்தையும் மொழியையும் இழக்கவில்லை. அவர்களுடைய தலைமைக் குருவின் இருக்கை பனார் என்னும் பகுதியில் அமைந்தது. கிரேக்க மொழியில் அப்பெயருக்கு விளக்கு என்று பொருள். அதைச் சுற்றி வாழ்ந்த செல்வக் குடும்பத்தார் பனாரியர் எனப்பட்டனர். வணிகத்தில் பொருள் ஈட்டிய அவர்கள் தம் மக்களை இத்தாலி நாட்டுப் படுவா நகரப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிப் படிக்க வைத்தனர். துருக்கியக் கல்விமான்களோ அரபும் பாரசீகமும் கற்றவர்கள்; இலத்தீன், இத்தாலியம் முதலிய மேற்கு மொழிகளைக் கற்பதில் நாட்டம் காட்டவில்லை. ஐரோப்பிய அரசுகளோடு சமமாக உட்கார்ந்து பேச வேண்டிய நிலை வந்தபோது அரண்மனைக்கு ஒரு நாக்கு வேண்டியதாயிற்று. அந்த நாக்கைக் கிரேக்கர் அளித்தனர்.

1661-ஆம் ஆண்டில் பனயோட்டிஸ் நிக்கூசியோஸ் என்பவர் தலைமை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டார். கிரீட் தீவின் கண்டியாக் கோட்டை இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்றுகையில் கிடந்து 1669-இல் பணிந்தபோது, பணிவு பற்றிய பேச்சில் துருக்கியர் பக்கம் நின்றவர்களுள் அவர் ஒருவர். அவருக்குப்பின் 1673-இல் அப்பதவியை ஏற்றவர் அலெக்சாந்தர் மவ்ரொகொர்தாத்தோஸ். இவர் மருத்துவம் கற்றவர். இரத்த ஓட்டத்தைப் பற்றி ஆய்வுரை எழுதியவர். 1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றனர். தோல்விக்குப் பின் நேர்ந்த சினத்தில் இவரும் சிறைப்பட்டார். தோற்றது படை, சிறை சென்றவரோ மொழிபெயர்ப்பாளர்! ஆயினும், இவரின்றி வேலை நடவாது என்பதை அரண்மனை விரைவில் உணர்ந்தது. மீண்டும் அழைத்தனர். 1699-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கார்லோவிட்ஸ் என்னும் ஊரில் ஆஸ்திரியா, வெனிஸ், போலந்து ஆகியவற்றோடு துருக்கி உடன்படிக்கை செய்துகொண்டபோது, சுல்தானின் தூதர் இருவருள் ஒருவராக அமர்ந்தவர் இவரே. யார் முதலில் மண்டபத்தில் நுழைவது என்னும் வழக்கு எழாதிருக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் புகுமாறு பல வாயில்கள் வைத்து மண்டபம் எழுப்பினர் என்று கூறுவர். சுல்தான் இவருக்கு ‘இரகசியம் காப்போர்’ என்னும் பொருளுடைய பட்டத்தை வழங்கினார்.

இவர்களுக்குக் கிடைத்த உரிமைகள் மற்றக் கிறித்தவக் குடிகளுக்கு எட்டாதவை. தாடி வளர்க்கலாம், குதிரைமேல் ஏறி ஏவலரோடு தெருவில் செல்லலாம். இன்று நமக்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். குடிமக்களின் உடையும் ஊர்தியும் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட நாட்டில் அவை சிறியன அல்ல. அம்மட்டோடு நில்லாது, மவ்ரொகொர்தாத்தோஸின் மகன் நிக்கொலாஸ் 1709-இல் மொல்தாவியா நாட்டின் ஆட்சித் தலைவராகவே அமர்த்தப்பட்டார். இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பனாரியக் குடும்பத்தார் ஆட்சியில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வேலை அந்த அரியணைக்குப் படிக்கட்டாயிற்று. பதவியைப் பெரும்பொருள் கொடுத்தே பெற வேண்டியிருந்ததால், கொடுத்ததை மீட்கக் குடிகள்மேல் வரி ஏறியது. ஆகவே அந்நாட்டு மக்கள் நினைவில் பனாரியர் பெயர் இனிக்கவில்லை.

அதே 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சென்னையை அடுத்த பெரம்பூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் புதுச்சேரியின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த உறவினர் நயினியப்ப பிள்ளையின் அழைப்பினால் அங்கே குடியேறினார்.

அந்த நயினியப்பருக்கு நேர்ந்தது என்ன? 1716-இல் ஆளுநரின் பகைக்கு ஆளாகிச் சிறைப்பட்டார். விசாரணையில் அவரிடம் கேட்ட கேள்விகள் போர்த்துகீசியத்தில். எழுதிய பதிவோ பிரெஞ்சில். அந்தப் பிரெஞ்சை அவர் படிக்க இயலாதவர், தமிழில் கையெழுத்திட்டார். சொத்துப் பறிமுதல், கடைத்தெருவில் கசையடி, மூன்றாண்டுச் சிறை எனத் தீர்ப்பாயிற்று. 1717-இல் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் மகன் குருவப்பர் பிரான்சுக்கே சென்று முறையிட, தீர்ப்பு பின்னர் மாற்றப்பட்டது. மாண்டவர் மீளவில்லை. பிறருக்கெல்லாம் மொழிப்பாலமாக நின்ற ஒருவர் தம் வழக்கு வந்த நாளில் தமக்கு ஒரு நல்ல பாலமின்றி வீழ்ந்தார் என்பதை எண்ணுங்கள். இந்த வரலாற்றில் என் நெஞ்சை மிகுதியும் தைப்பது இதுதான்.

ஆனந்தரங்கர் இதனையெல்லாம் அறிந்தே வளர்ந்தார். கனகராய முதலியார் 1746-இல் மறைந்தபின் தலைமைத் துபாஷிப் பதவி அவருக்கு வந்தது. ஆளுநர் துய்ப்ளேக்கு நாட்டு நடப்பை விளக்குவதும், நவாபுகளுக்கும் பாளையக்காரருக்கும் செல்லும் கடிதங்களை அமைப்பதும், வணிகரோடு விலை பேசுவதும், குடிகளின் வழக்கைக் கேட்பதும் அவர் கையில் இருந்தன. தமக்கெனக் கப்பல் வைத்து வாணிகமும் செய்தார். முசாபர் ஜங் அவருக்குப் பட்டமும் மன்சப் சிறப்பும் அளித்தார். புலவர்கள் அவர்மேல் தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடினர்.

இருப்பினும் அந்தச் செல்வாக்கின் எல்லை எது? 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், நகரின் வேதபுரீசுவரர் ஆலயம் ஆளுநர் ஆணையால் இடிக்கப்பட்டது. ஆளுநரின் வாயும் செவியுமாக இருந்தவரால் அதனைத் தடுக்க முடியவில்லை. நெஞ்சு நொந்து எழுதிவைக்க மட்டுமே முடிந்தது. மற்றோர் இடையூறும் இருந்தது. துய்ப்ளேயின் மனைவியார் ழான் அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர்; தமிழ் அறிந்தவர். ஆளுநரின் வீட்டிலேயே தமிழ் புரிந்தவர் ஒருவர் இருக்கும்போது துபாஷியின் தேவை குறையுமல்லவா? அவ்விருவருக்கும் இடையே நின்ற பகைமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. துபாஷியின் வலிமை அவருடைய அறிவில் பாதியும், எசமானரின் அறியாமையில் பாதியுமாக இருந்தது.

இப்போது தியாகதுர்க்கத்திற்குத் திரும்புவோம். 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருக்கினர். பிரெஞ்சுத் தளபதி லாலிக்குப் படையும் வேண்டும், உணவும் வேண்டும். மைசூரின் ஐதர் அலியோடு பேச்சு நடந்தது. உதவிக்கு விலையாகத் தியாகதுர்க்கக் கோட்டை மைசூராருக்கு விடப்பட்டது. கல்வராயன் மலையின் அடிவாரத்து வாயில் வழியாக மைசூர்ப் படை இறங்கிற்று. இந்தத் தூதில் பங்குகொண்டவர்களுள் நொரோஞா என்னும் போர்த்துகீசியத் துறவி ஒருவர். அவர் தாங்கிய சமயப் பட்டம் ‘ஹாலிகார்னசஸ் ஆயர்’ என்பது. ஹாலிகார்னசஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? துருக்கியப் பேரரசின் கரையிலே கிடந்த பழைய கிரேக்க நகரம். வரலாற்றின் தந்தை எனப்படும் எரோதோத்தசு பிறந்த ஊர். அந்தக் கிரேக்க நகரின் பெயரைத் தாங்கிய போர்த்துகீசியர் ஒருவர், பிரெஞ்சுக்காரருக்காக மைசூராரிடம் பேசி, நம் தென்னார்க்காட்டுப் பாறைக்கோட்டையைக் கைமாற்றினார்! உள்ளூர் வரலாறு சிறிதென எண்ணும் மாணவருக்கு இந்த ஒரு செய்தி போதும்.

அந்த உதவி நிலைக்கவில்லை. மைசூரிலே கலகம் எழவே ஐதர் தம் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதே திங்களில் ஆனந்தரங்கரும் மறைந்தார். சில வாரங்களுக்குள் தியாகதுர்க்கமும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில் மாணவர்களை இக்கோட்டைக்கு அழைத்துச் செல்வதுண்டு. ஒரு முறை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அந்நியனுக்கு வேலை செய்த இவர்கள் துரோகிகள்தாமே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் அவனுக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லுகிறேன். தேசம் என்று இன்று நாம் எதனைச் சொல்லுகின்றோமோ, அது அன்று இங்கே உருவாகியிருக்கவில்லை. நவாபும் அந்நியரே, பாளையக்காரரும் தத்தம் எல்லையையே பார்த்தனர். ஆகவே யாருக்கு வேலை செய்தார் என்று கேட்பதைவிட, நடுவே நின்றபோது எப்படி நின்றார் என்று கேட்பதே நேரிய அளவை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துரைத்தாரா? வாயற்றவன் குறையை வாயுள்ளவன் செவிக்குக் கொண்டு சென்றாரா? அல்லது, இருவர் அறியாமையையும் தம் பையில் பொன்னாக மாற்றிக்கொண்டாரா?

இரு வகையினரும் இருந்தனர். சென்னையில் அவதானம் பாப்பையா என்னும் துபாஷி, ஆளுநர் ஹாலந்தின் தம்பிக்கு நெருங்கியவராயிருந்து பெரும் செல்வாக்குப் பெற்றார். தமக்கு இடையூறாயிருந்த ஹாலிபர்ட்டன் என்ற அதிகாரியைக் கவிழ்க்கச் சதி செய்தமைக்காக 1792-இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அதே காலத்துச் சென்னைத் துபாஷி பச்சையப்ப முதலியார் 1794-இல் மறையும் முன் தம் செல்வத்தை அறத்திற்கு எழுதிவைத்தார். அந்தப் பொருளிலிருந்து 1842-இல் பள்ளியும், பின்னர் அதிலிருந்து கல்லூரியும் தழைத்தன. தொழில் ஒன்று, நின்ற நிலை வேறு.

இந்த வகுப்பினர் எவ்வாறு மறைந்தனர் என்பதையும் அறிய வேண்டும். 1812-இல் சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. இளம் ஆங்கில அதிகாரிகள் அங்கே தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. எசமானர் மொழி கற்கத் தொடங்கியதும் பழைய துபாஷியின் பிடி தளர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் துருக்கியிலும் இதுவே நிகழ்ந்தது. ஆனால் இரத்தத்தோடு நிகழ்ந்தது. 1821-இல் கிரேக்கர் விடுதலைக் கிளர்ச்சி தொடங்கினர். தலைமை மொழிபெயர்ப்பாளராயிருந்த கான்ஸ்டன்டைன் மொரூசிஸ் ஏப்பிரல் திங்களில் தலை வெட்டப்பட்டார். இனிக் கிரேக்க நாவை நம்ப முடியாது என்று கருதிய அரண்மனை, மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றை நிறுவித் துருக்கிய இளைஞருக்கே பிரெஞ்சு கற்பித்தது. அந்த அலுவலகத்தில் பயின்ற ஆலி பாஷா, புவாத் பாஷா போன்றோர் பின்னர்ப் பேரரசின் தலைமை அமைச்சர்களாயினர். ஒரு மொழியைக் கற்க மறுத்த அரசு ஒன்றரை நூற்றாண்டு பிறர் நாவை நம்பி வாழ்ந்தது. கற்றபின் அதே கல்வி அமைச்சர்களை ஈன்றது.

எனவே, இந்த வரலாறு உரைக்கும் உண்மை ஒன்றே. ஒருவனுக்காக மற்றொருவன் பேச வேண்டிய நிலை எங்கே உண்டோ, அங்கே பேசுகிறவனிடம் அதிகாரம் சென்று சேரும். அந்த அதிகாரம் ஒட்டுச் செடி போன்றது. தனக்கென வேர் இல்லாதது. அதனால் பேசுகிறவனுக்கும் காப்பு இல்லை. பேசப்படுகிறவனுக்கும் காப்பு இல்லை.

இது பழங்கதை அன்று. கல்வராயன் மலையிலே மூன்று ஜாகீர்தாரர்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. அதுவரை மலைமக்களுக்கும் அரசுக்கும் இடையே அந்த ஜாகீர்தாரரே நின்றனர். இன்று நேரே அரசின் ஆட்சி. ஆயினும், தாலுகா அலுவலகத்து மரத்தடியில் மனு எழுதித் தருவோரைச் சுற்றி நிற்கும் முதியோரைப் பாருங்கள். வாயால் சொன்னது தமிழ். தாளில் இருப்பதும் தமிழ். ஆனாலும் அது அலுவலகத் தமிழ். எழுத்தறியாதவருக்கு அது நயினியப்பர் முன் நீட்டிய பிரெஞ்சுத் தாளுக்குச் சமமே. அதன்கீழ் கைநாட்டு வைக்கிறார். எழுதியவர் நேர்மையாளராயின் நன்மை. அல்லராயின், வைத்தவருக்கு அது தெரியவும் தெரியாது. பள்ளியிலே நாம் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது ஏன் என்று எவரேனும் கேட்டால், இந்தக் கைநாட்டையே நான் சுட்டிக்காட்டுவேன்.

ஆனந்தரங்கருடைய பதவி போயிற்று. அவர் பணிசெய்த அரசும் போயிற்று. எஞ்சியது எது? பகலெல்லாம் பிறர் சொல்லைப் பிறருக்கு எடுத்துரைத்த அவர், 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6 முதல் தம் சொல்லைத் தமக்கென்று தமிழிலே எழுதிவந்தார். கப்பல் வந்த செய்தியும், சரக்கின் விலையும், ஆளுநரின் கோபமும், ஊர் வதந்தியும், தம் மனக்குறையும் அதில் உள்ளன. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் கால நாட்குறிப்பு அது. 1846-இல் கால்லுவா மோம்ப்ரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. துய்ப்ளேயின் காலத்தை ஆராய்கின்ற அறிஞர் எவரும் இன்று அந்தத் தமிழரின் எழுத்தைத் தேடியே வருகின்றனர். மொழிபெயர்ப்பாளரை மொழிபெயர்க்க வேண்டிய நிலை உலகிற்கு வந்தது.

மாணவ நண்பர்களே! நீங்கள் ஆங்கிலம் கற்கின்றீர்கள். வேறு மொழிகளும் கற்பீர்கள். நன்று. உங்கள் வீட்டிலும் ஊரிலும் முதன்முதலாகப் படிப்பவர் நீங்களாகவே இருக்கலாம். வங்கித் தாளையும், மருத்துவர் சீட்டையும், அரசின் ஆணையையும் தாய்தந்தையர் உங்களிடமே நீட்டுவர். அந்தக் கணத்தில் நீங்களும் துபாஷியே. உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். அதன்பின் அவர்கள் கையைப் பிடித்து ஓர் எழுத்தையேனும் எழுதப் பழக்குங்கள். தன் தேவை இல்லாமற் போகும் நாளுக்காக உழைக்கின்ற துபாஷியே நல்ல துபாஷி.